மூச்சை அடைக்கும் சேதி, மூச்சைத் திறக்கும் சேதி!

காஞ்சீபுரம் தறிகளில் ஏறும் பட்டு நூலின் கதை பட்டுப்புழுவின் கூட்டில் தொடங்குகிறது. கூடு கட்டும் புழு, நூலின் மேல் ஒருவகைப் பசையைப் பூசிவிடுகிறது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதை நீக்குவார்கள். பிறகுதான் சாயம் தோய்ப்பார்கள்.

இந்தப் பசையும் புழுவின் துகளும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பட்டு நூல் எடுக்கும் ஆலைகளில் தொழிலால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1985-ம் ஆண்டில் இந்திய ஆய்வு ஒன்று வெளிவந்தது. வேறு சிலருக்கு வீட்டுத் தூசியோ, புகையோ, குளிர்காற்றோ ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் எப்படி மூச்சை அடைக்கிறது?

சுருக்குப் பை

நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்களைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. பாட்டியின் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் பையின் வாய் மூடும். தசை இறுகினால் குழல் சுருங்கும். மூச்சு இரைக்கும்.

கயிற்றை இழுப்பது யார்? துகள் பட்டதும் 'ஹிஸ்டமின்' போன்ற பொருள்கள் சுரக்கின்றன. அவை தசையின் உயிரணுக்களை வெளியிலிருந்து தொடுகின்றன. உடனே உள்ளே சேதி பறக்கிறது. அங்கே சேமித்து வைத்திருக்கும் கால்சியம் வெளிப்படுகிறது. தசை இறுகுகிறது!

திறக்கும் சேதி

கயிற்றைத் தளர்த்தவும் உடலில் வழி உண்டு. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகளில் 'அட்ரினலின்' ஊறுகிறது. அதுவும் உயிரணுவுக்குள் நுழைவதில்லை. வாசலில் நின்று தட்டுகிறது. உள்ளே 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்ற தூதன் பிறக்கிறான். கால்சியம் அடங்குகிறது. தசை தளர்கிறது.

இந்தத் தூதனைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி சதர்லாண்ட். 1971-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்ஹேலரில் உள்ள 'சால்பியூட்டமால்' மருந்தும் அதே வாசலைத்தான் தட்டுகிறது. நேரே நுரையீரலுக்குச் செல்வதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும்.

பயம் வேண்டாம்

'இன்ஹேலரைத் தொட்டால் விடமுடியாது' என்று பலர் பயப்படுகிறார்கள். அது போதைப்பொருள் அல்ல. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சால்பியூட்டமால் கயிற்றைத்தான் தளர்த்தும். குழலின் உட்புற வீக்கத்தை ஆற்றாது. வீக்கத்தை ஆற்றுவது வேறு மருந்து. டாக்டர் அதைத் தினமும் இழுக்கச் சொன்னால், இரைப்பு நின்றது என்று தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

பேச முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலர் இழுத்தும் இரைப்பு அடங்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.