ஆனைக்குன்றிமணி

செல்லங்களே, உங்கள் பென்சில் டப்பாவில் என்னென்ன ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? சோழியா? வளையல் துண்டா? என் டப்பாவில் சிவப்பு விதைகள் இருந்தன. இன்றும் இருக்கின்றன!

எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு மஞ்சாடி மரம். காய் முற்றிக் காய்ந்தால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். சாயங்கால மணி அடித்ததும் பொறுக்க ஓடுவோம். வழவழவென்று, சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும்.

இதற்கு இன்னொரு பேர் உண்டு. ஆனைக்குன்றிமணி! ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். வாய் நிறைகிறதா?

விரல் நுனியில் நிற்கும் விதைக்கு ஆனை எதற்கு? நல்ல கேள்வி. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி? அதைவிட இது பெரியது. ஒன்றுபோல இருக்கும் இரண்டில் பெரியதற்கு ‘ஆனை’ சேர்ப்பது நம் வழக்கம். ஆனைநெருஞ்சியும் அப்படி வந்த பேர்தான்.

எவ்வளவு பெரியது? ஏறக்குறைய 8 குன்றிமணி ஒரு கிராம். மஞ்சாடி என்றால் 4 போதும். அப்படியானால் 2 குன்றிமணிக்கு 1 மஞ்சாடி. புரிகிறதா? அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த கணக்கும் இதுதான். ‘குந்துமணி அளவு தங்கம்கூட இல்லை’ என்று பாட்டி சொல்வது இந்தக் குன்றிமணியைத்தான்.

சரி, பச்சைப்பயறை வைத்து நிறுத்தால் என்ன? இங்கேதான் அறிவியல் இருக்கிறது. பயறின் தோல் மெல்லியது. மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும். மஞ்சாடியின் தோல் கெட்டியானது. தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. ஆடியிலும் ஐப்பசியிலும் எடை அநேகமாக அதேதான்.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஒரு கிண்ணத் தண்ணீரில் பத்துப் பயறும் பத்து மஞ்சாடியும் போட்டு வையுங்கள். காலையில் பயறு ஊதியிருக்கும். மஞ்சாடி போட்டபடியே கிடக்கும்.

அப்படியானால் அது முளைப்பது எப்படி? அடடா, இதையும் கேட்டுவிட்டீர்களா, கெட்டிக்காரர்களே! மண்ணில் கிடந்து மெல்ல மெல்லத் தோல் தேய வேண்டும். நமக்கு அவசரம் என்றால் ஓர் ஓரத்தைச் சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து ஊறவைக்கலாம். தேய்த்த இடம் வழியாகத் தண்ணீர் நுழையும், விதை உப்பும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அதை உடைக்கவோ, ஓட்டை போடவோ, கடிக்கவோ கூடாது. மஞ்சாடியையும் வாயில் போட வேண்டாம். குட்டித் தம்பி தங்கைக்கு எட்டாமல் வையுங்கள்.

உங்கள் ஊரில் மஞ்சாடிக்கு வேறு பேர் உண்டா? தாத்தா பாட்டியிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.