மருதாணியின் சொந்தக்காரர்கள்: மருந்திலும் பேட்டரியிலும் டயரிலும் குயினோன்

மருதாணி வைத்தால் கை சிவக்கக் காரணம், அந்த இலையில் இருக்கும் லாசோன் என்ற பொருள். அது ‘குயினோன்’ என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டவை இன்று மலேரியா மாத்திரையாகவும் புற்றுநோய் மருந்தாகவும் பயன்படுகின்றன. பேட்டரியிலும் வேலை செய்கின்றன. ஒன்று மட்டும் ஆற்று மீன்களைக் கொல்கிறது.

குயினோன் அப்படி என்ன செய்கிறது?

கார்பன் வளையம், அதில் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள். அவ்வளவுதான் அதன் அடிப்படை அமைப்பு. எலக்ட்ரானை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். கைமாத்து வாங்கி, கேட்டதும் கொடுத்துவிடும் ஆள் மாதிரி. நம் செல்களில் சக்தி தயாராகும்போது எலக்ட்ரான்களைச் சுமக்கும் கோஎன்சைம் க்யூ10 கூட ஒரு குயினோன்தான்.

மருத்துவத்தில்...

மலேரியா ஒட்டுண்ணிக்கும் இதேபோன்ற குயினோன் தேவை. அட்டோவாகுவோன் என்ற செயற்கை மருந்து, அந்தக் குயினோன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தடுக்கிறது. ஆனால் தனியாகக் கொடுத்தால் ஒட்டுண்ணி சீக்கிரமே எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். அதனால்தான் புரோகுவானிலுடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

மைட்டோசான்ட்ரோன் அடர்நீல நிறத்தில் இருக்கும் ஊசி மருந்து. சில ரத்தப் புற்றுநோய்களுக்கும், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும் தரப்படுகிறது. ஊசி போட்ட பிறகு சிறுநீர் நீலப்பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். பயப்பட வேண்டியது இதயத்துக்குத்தான். உடலில் சேரும் மொத்த மருந்தின் அளவு கூடக்கூட இதயம் பலவீனமாகும் ஆபத்தும் கூடும். நரம்பு நோயாளிகளுக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 140 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. முன்பு வேறு மருத்துவமனையில் எடுத்த சிகிச்சையையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

சுற்றுச்சூழலில்...

சூரிய மின்சாரத்தைப் பகலில் சேமித்து இரவில் எடுக்க வேண்டும். இதற்கான ஃப்ளோ பேட்டரிகளில் விலை உயர்ந்த வனேடியம் உலோகம் பயன்படுகிறது. அதற்குப் பதிலாக, தண்ணீரில் கரையும் ஒரு குயினோனைப் பயன்படுத்த முடியும் என்று 2014-ல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்கும் அதே குணம்தான் இங்கேயும் கைகொடுக்கிறது. காகிதக் கூழைக் குளோரின் இல்லாமல் வெளுக்க உதவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பெரும்பாலும் ஆந்த்ராகுவினோன் வழியாகவே தயாராகிறது.

டயரில் என்ன பிரச்சினை?

ஓசோன் பட்டு ரப்பர் வெடிக்காமல் இருக்க டயரில் 6பிபிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனுடன் வினைபுரிந்து 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. யாரும் வேண்டுமென்று தயாரித்த குயினோன் அல்ல இது. டயர் தேய்மானத்தோடு சாலையில் கிடந்து, மழை பெய்ததும் ஓடைக்குப் போகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முட்டையிட ஓடைக்குத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு கொத்துக்கொத்தாகச் சாவது பல ஆண்டுகளாகப் புதிராக இருந்தது. காரணம் இந்தக் குயினோன்தான் என்று 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு கண்டறிந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே அந்த மீனுக்கு ஆபத்து.

மாற்றுப்பொருள் தேடும்படி டயர் நிறுவனங்களுக்குக் கலிஃபோர்னியா 2023-ல் விதி கொண்டுவந்தது. ஆனால் 6பிபிடியைச் சும்மா எடுத்துவிட முடியாது. டயர் வெடிப்பு விட்டால் போவது மனித உயிர். வரப்போகும் மாற்று, சாலையில் டயரையும் காப்பாற்ற வேண்டும், ஓடையில் மீனையும் விட்டுவைக்க வேண்டும்.