ஓட வயசு ஒரு தடையா?

'நாள் முழுக்க வீட்டில் ஓடிக்கிட்டுத்தானே இருக்கோம். தனியா வேற ஓடணுமா?' என்று நம்மில் பலர் கேட்கிறோம். வீட்டு வேலையில் இடுப்பு ஒடிகிறதே தவிர, இதயமும் நுரையீரலும் பலப்படும் அளவுக்கு மூச்சு வாங்குவதில்லை என்பதே உண்மை.

சண்டிகரில் வாழ்ந்த மான் கவுர் பாட்டி, ஓட ஆரம்பித்ததே 93 வயதில்தான். மைதானத்துக்கு அழைத்துப் போனவர், அவருடைய மகன். 2017ல், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த மூத்தோர் விளையாட்டுப் போட்டியில், 101 வயதில், 100 மீட்டரை 74 வினாடிகளில் ஓடி தங்கம் வாங்கினார். அந்த வயசுப் பிரிவில் கூட ஓட ஆளே இல்லை! 2021ல், 105 வயதில் காலமானார்.

'புடவையில் எப்படி ஓடுறது?' என்பீர்கள். மகாராஷ்டிராவின் பாராமதியைச் சேர்ந்த லதா பகவான் கரே, 60 வயதைத் தாண்டியும், கணவரின் வைத்தியச் செலவுக்காக, ஒன்பது கஜப் புடவையில், வெறுங்காலோடு ஓடிப் பரிசு வென்றவர். அவர் கதை 2020ல் மராத்தியில் படமாகவே வந்தது.

எங்கள் பள்ளிப்பட்டு மாதிரி ஊரில் பெண் ஓடினால், 'யாரும்மா துரத்துறாங்க?' என்று கேலி பேசத்தான் செய்வார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து போனால், அந்த வாய்கள் தானே அடங்கும்.

முதல் இரண்டு வாரம் வேக நடை மட்டும் போதும். பிறகு, ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று கூட்டலாம். முட்டி வலி, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டுத் துவங்குங்கள். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

குடும்பத்துக்காக ஓடும் நாம், நமக்காகவும் தினம் அரை மணி நேரம் ஓடலாமே, தோழியரே!

- ஒரு வாசகி, பள்ளிப்பட்டு.