வாடியில் உப்பு, நாடியில் உப்பு

கற்பிட்டிக் கரையோர வாடிகளில் கட்டாவும் சீலாவும் கருவாடாவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? மீனைக் கீறிக் குடலெடுத்து, கழுவி, சதை மடிப்புக்குள் கை நிறைய உப்பை அடைத்து அடுக்குவார்கள். விடிந்து பார்த்தால் அடியில் கலங்கிய நீர் தேங்கி நிற்கும். யாரும் ஊற்றிய தண்ணீர் அல்ல. மீனின் உடம்பிலிருந்து உப்பு இழுத்தெடுத்த நீர் அது.

நம் உடம்புக்குள் போனாலும் உப்பு நீரைத்தான் இழுக்கிறது. மிஞ்சிய சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும்வரை அது குருதியோட்டத்தில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். நீர் கூடக் குருதிக் குழாய்க்குள் அமுக்கமும் கூடும். இளவயதில் சிறுநீரகம் இதைச் சீக்கிரம் சமாளித்துவிடும். அறுபது கடந்தால் அந்த வேகம் குறைந்துவிடுகிறது.

முதுமை குழாய்களையும் விடுவதில்லை. இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பெருநாடி விரிந்து, பின் தானே ஒடுங்கிக் குருதியை முன்னே தள்ளுகிறது. அந்த நெகிழ்ச்சியைத் தருவது இலாஸ்டின் என்ற புரத நார். பிள்ளைப் பருவத்திலேயே உடம்பு அதை நெய்து முடித்துவிடும். பிறகு அறுந்தால் புதிதாக நெய்வது அரிது. கரைவலையின் கண்ணி அறுவதுபோல ஆண்டுக்கணக்கில் இழுபட்டு அது நைந்துபோக, விறைப்பான கொலாஜன் அந்த இடத்தைப் பிடிக்கிறது. நீரிழிவும் இருந்தால் குருதியில் மிகுந்த சீனி அந்த நார்களில் ஒட்டி, ஒன்றோடொன்று பிணைத்து, விறைப்பை விரைவுபடுத்தும். குழாய் விறைத்தால் அமுக்கத்தின் மேல் அளவு ஏறும், கீழ் அளவு இறங்கும். "எனக்கு 160க்கு 70" என்று கிளினிக் கொப்பியை நீட்டும் மூத்தவர்களுக்கு நேர்ந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

வயது போனால் பிரஷர் வரத்தானே செய்யும் என்று நம்மவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அப்படியொரு விதி இல்லை. 32 நாடுகளில் 10,079 பேரை அளந்து 1988இல் வெளியான இன்டர்சோல்ட் ஆய்வில், உப்பை அறவே சேர்க்காத அமேசன் காட்டு யனோமாமி மக்களுக்கு வயது ஏறியும் அமுக்கம் ஏறவில்லை. அவர்கள் வாழ்க்கைமுறையே வேறு என்பதும் உண்மை. ஆனாலும் உப்பின் பங்கை அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. நாளுக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையர் உண்பது சுமார் 8 கிராம்.

பாலாவி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த மக்களிடம், தென்மேல் பருவத்தில் கடல் மூடும்போது சோற்றுக்குத் துணையாக வரும் கருவாட்டைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. சுடுநீரில் ஊறப்போட்டு அந்த நீரை இரண்டு தடவை கொட்டிவிடுங்கள். கறிக்கு வேறு உப்புப் போடாதீர்கள்.

மருந்து தேவைப்படுவோருக்கு வழி காட்டிய பெரிய ஆய்வொன்று நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ் பேராசிரியை தஸீன் ஜாஃபர் தலைமையில், களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசித்த டி சில்வா இலங்கைப் பகுதியைப் பொறுப்பேற்க, இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரைச் சேர்த்தார்கள். பாதி ஊர்களில் வழமையான சிகிச்சை. மீதியில் சுகாதாரப் பணியாளர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே வந்து அமுக்கம் பார்த்து, உணவைப் பற்றிப் பேசி, தேவையானால் வைத்தியரிடம் அனுப்பினார். இங்கே அந்த வேலையைச் செய்தவர்கள் நம் மருத்துவ மாதர்கள், ஊரார் அழைக்கும் "மிட்வைப் மிஸ்"மார். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், வழமைச் சிகிச்சை பெற்றவர்களைவிட வீடு தேடிப் பார்க்கப்பட்டவர்களுக்கு மேல் அளவு 5 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது. 2020இல் முடிவு வெளியானது. 5 புள்ளி சிறிதல்ல: அவ்வளவு குறைந்தாலே மாரடைப்பும் பாரிசவாதமும் போன்ற பெரிய பாதிப்புகள் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ இதற்குத் தேவைப்படவில்லை.

இந்த ஏற்பாடு உடப்பிலும் கற்பிட்டியிலும் நிலையாக வரவேண்டும். அதுவரை அரசின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. 35 வயது கடந்தவர்கள் காசு கொடுக்காமல் பரிசோதித்துக்கொள்ளலாம். அங்கே வருவோரில் ஆண்கள் மிகக் குறைவு. உங்கள் வாப்பாவோ அப்பாவோ கடலால் வந்து ஓய்ந்திருக்கும் ஒரு காலையில், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.