எச்சரிக்கப்படுவதும் உரிமைதான்

1953 ஜனவரி 31, சனிக்கிழமை மாலை ஏழு மணியளவில் வடகடல் பொங்கி இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கரையை உடைத்தது. அதே வெள்ளம் கரையோரமாகத் தெற்கே இறங்கி, நள்ளிரவு தாண்டிய பிறகுதான் தேம்ஸ் முகத்துவாரத்திலுள்ள கான்வி தீவை எட்டியது. நடுவே ஐந்து மணி நேரம் இருந்தது. வடக்கே வீடுகள் மூழ்கிய செய்தி தெற்கே உறங்கப் போனவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. தொலைபேசி இணைப்புகள் அறுந்திருந்தன. ஒரு மாவட்டத்தின் பொலிஸ் அடுத்த மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற முறையான ஏற்பாடு இல்லை. வானொலி இரவு ஒலிபரப்பை முடித்துவிட்டிருந்தது. இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். அவர்களில் 58 பேர் கான்வியில்.

நம்மவர்களுக்கு இதே கணக்கு வேறொரு நாளிலிருந்து தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே சுனாமி அலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட்டது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே காலையில் புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவ ஊர் தப்பியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பு ஒலித்தது. ஊரே கரையை விட்டு ஓடியது. ஒளிபரப்பு, தொலைபேசி, ஒலிபெருக்கி, புரிகிற மொழி ஆகிய நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும் அந்த ஊர் பிழைத்திருக்காது.

லண்டனில் வாழும் நாம் இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழையே முதன்மை மொழி என்று பதிந்தவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கும் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள்.

பிரித்தானிய அரசின் கைபேசி அவசர எச்சரிக்கை 2023இல் தொடங்கியது. நாடு தழுவிய முதல் பரிசோதனை அவ்வாண்டு ஏப்ரல் 23 அன்றும், இரண்டாவது 2025 செப்டெம்பர் 7 அன்றும் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தன. ஒரு வட்டாரத்தின் கைபேசிக் கோபுரங்கள் தம் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் செய்தியை வீசுகின்றன. கோயில் வீதியில் கட்டிய ஒலிபெருக்கி, கேட்பவரின் பெயரையோ முகவரியையோ அறியாமலே ஒலிப்பதைப் போன்றது அது. உங்கள் எண் அரசுக்குத் தேவையில்லை, நீங்கள் நிற்கும் இடமும் பதிவாவதில்லை. 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளின்போது நடந்ததுபோல அழைப்புகள் குவிந்து வலையமைப்பு திணறும் வேளையிலும் இது போய்ச் சேரும். போனை மௌனத்தில் வைத்திருந்தாலும் சுமார் பத்து விநாடி உரக்க ஒலிக்கும்.

2024 பெப்ரவரியில் பிளிமத் நகரில் இரண்டாம் உலகப் போர்க் குண்டொன்றைத் தெருக்கள் வழியே கடலுக்குக் கொண்டுபோனபோது, மக்களை வெளியேற்ற இந்த எச்சரிக்கை முறை பயன்பட்டது. 2025 ஜனவரியில் இயோவின் புயலுக்காக ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சுமார் 45 இலட்சம் பேருக்கு எச்சரிக்கை போனது. லண்டனுக்கு இது தொலைவான விஷயமல்ல. 2018 பெப்ரவரியில் நியூஹாமில், லண்டன் சிட்டி விமான நிலையத்தை ஒட்டிய கப்பல்துறையில் இதேபோன்ற குண்டு கிடைத்து விமான நிலையமே மூடப்பட்டது. அப்போது நாட்டில் கைபேசி எச்சரிக்கை கிடையாது.

இன்று இருப்பதிலும் ஓட்டைகள் உண்டு. 4ஜி அல்லது 5ஜி இணைப்பில்லாத போனுக்கு எச்சரிக்கை வராது. வைஃபை மட்டும் இருந்தால் போதாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பட்டன் போனை நம்பி அப்பா இருந்தால் அவருக்கு எதுவும் கேட்காது. முதல் பரிசோதனையில் த்ரீ வலையமைப்பின் வாடிக்கையாளர் பலருக்கு ஒலியே வரவில்லை. செய்தி ஆங்கிலத்தில் வரும், வேல்ஸில் வெல்ஷ் மொழியிலும் வரும். தமிழில் வராது.

வானொலியும் தொலைக்காட்சியும் இந்தக் குறையை நிரப்புமா? அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் ஒலிபரப்பாளர்களோடு சேர்ந்து எச்சரிக்கைத் திட்டம் வகுத்திருக்கிறது. எச்சரிக்கை வந்தால் நிலையங்களின் கருவிகளே நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அதை ஒலிக்கச் செய்கின்றன. பிரித்தானியாவில் அப்படித் தானாகக் குறுக்கிடும் அமைப்பு இல்லை. உரிமம் பெற்ற நிலையங்களை அறிவிப்பு வெளியிடச் செய்யும் அதிகாரத்தை 2003 தொடர்பாடல் சட்டம் அரசுக்குத் தருகிறது. பிபிசியுடனான ஒப்பந்தத்திலும் அவசரகால ஏற்பாடு உண்டு. அன்றாட நடைமுறையில் பொலிஸும் கவுன்சிலும் தீயணைப்புப் படையும் பிபிசி உள்ளூர் வானொலியுடன் வைத்திருக்கும் நல்லுறவின் மேல்தான் எல்லாம் நிற்கிறது. அந்த உறவுக்குள் தமிழ் ஊடகங்களும் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வெள்ளம், மின்வெட்டு, வெளியேற்றம் ஆகியவற்றுக்கான தமிழ் அறிவிப்புகளை இன்றே எழுதி, சரிபார்த்து வைத்திருக்கலாம். இடத்தையும் நேரத்தையும் மட்டும் அன்று சேர்த்தால் போதும். லண்டனிலிருந்து இயங்கும் தமிழ் வானொலிகள் இதைக் கவுன்சில்களிடம் கேட்டுப் பெறலாம்.

கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. 2004ஆம் ஆண்டின் குடிசார் அவசரநிலைச் சட்டப்படி, ஆபத்து வரும்போது பொதுமக்களை எச்சரிப்பதும் அறிவுரை சொல்வதும் கவுன்சில், பொலிஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், சுற்றுச்சூழல் முகமை போன்றவற்றின் கடமை. 2010 சமத்துவச் சட்டமோ இனத்தாலும் உடற்குறையாலும் வயதாலும் யாரும் பின்தங்கிவிடாதபடி சிந்தித்துச் செயல்படும் பொறுப்பைப் பொது அமைப்புகள்மீது வைக்கிறது. ஏட்டில் இருக்கும் கடமை போதாது என்பதை லண்டன் 2017 ஜூன் 14 அன்று கண்டது. தீப்பற்றிய கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத்திலிருந்து முதல் அழைப்பு நள்ளிரவு தாண்டி 12.54க்கு வந்தது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை 2.47க்குத்தான் கைவிடப்பட்டது. 72 பேர் இறந்தனர். தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைக்கும் களத்தில் நின்றவர்களுக்கும் இடையே தகவல் சரியாகப் போய்வராததை விசாரணையின் முதல் அறிக்கை கடுமையாகச் சுட்டியது.

வீட்டளவில் செய்யக்கூடியவற்றை இந்த வாரமே செய்யலாம். பெற்றோரின் போனை வாங்கி, அமைப்புகளில் அவசர எச்சரிக்கை இயங்குகிறதா என்று பாருங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 14.5, ஆண்ட்ராய்டில் 11 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும். உண்மையான எச்சரிக்கை ஒருபோதும் வங்கி விவரமோ பணமோ கேட்காது. கேட்டால் அது மோசடி. வண்டி ஓட்டும்போது ஒலித்தால் போனைக் கையில் எடுக்காதீர்கள், பாதுகாப்பாக நிறுத்திய பிறகு படியுங்கள். கையில் எடுத்தால் 200 பவுண்ட் அபராதமும் ஆறு புள்ளிகளும் விழும். வீட்டு வன்முறையிலிருந்து தப்ப ஒளித்துவைத்த போன் உள்ளவர்களுக்கு இந்த ஒலியே ஆபத்து. அவர்கள் எச்சரிக்கையை நிறுத்திவைக்கலாம், அது அவர்களுடைய உரிமை.

வெள்ள அபாயப் பகுதியில் இருப்பவர்கள் சுற்றுச்சூழல் முகமையின் இலவச வெள்ள எச்சரிக்கைக்குப் பதிய வேண்டும். எண் 0345 988 1188. மின்வெட்டுக்கு 105. பேட்டரி வானொலி ஒன்று வீட்டில் இருக்கட்டும். பிபிசி ரேடியோ லண்டன் 94.9இல் கேட்கும். வீட்டுத் தொலைபேசி இணைய வழிக்கு மாறியிருந்தால் மின்சாரம் போனதும் அது ஊமையாகிவிடும். அதை மட்டுமே நம்பி வாழ்பவருக்கு, மின்வெட்டிலும் குறைந்தது ஒரு மணி நேரம் 999ஐ அழைக்க வழி செய்து தர வேண்டும் என்பது தொடர்பாடல் ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொமின் விதி. உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். 999இல் ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைக்க முடியும்.

பிறகு கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல். தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் இரண்டு கேள்விகள் போதும்: ஆங்கிலம் தெரியாதவர்களை எச்சரிக்க உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது? அதில் தமிழ் உண்டா? 20 வேலை நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அல்லது மழுப்பினால் முதலில் உள்மீளாய்வு கேளுங்கள். அதுவும் பயன் தராவிட்டால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.