சாலைச் சட்டரும் சட்டாம்பிள்ளையும்

நம் கல்லூரிகளில் மாணவர் பேரவை, தமிழ் மன்றம், நாடகக் குழு என்றாற்போல மாணவர்தம் அமைப்புகள் பல இயங்கி வருகின்றன. இவை யாவும் மேலைநாட்டுக் கல்விமுறையோடு கடல்கடந்து வந்தன என்பதே பலர் கொண்டுள்ள கருத்து. பேரவைத் தேர்தலையும் அதன் நடைமுறைகளையும் மட்டும் நோக்கின் அக்கருத்துப் பெரும்பாலும் உண்மையே. ஆயினும், கற்போர் ஒரு குழுவாக எண்ணப்பெற்று, அக்குழுவிற்கெனத் தகுதியும் விதியும் தண்டமும் வகுக்கப்பெற்றமை தமிழ்நிலத்திற்குப் புதிதன்று. அதற்குச் சான்றாய் நிற்கும் செப்பேடு ஒன்றனையும், அதன்கண் பயிலும் 'சட்டர்' என்னும் சொல்லையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அண்மையில் உள்ளது பார்த்திவபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று, அவர்க்கு வேறு நிலம் மாற்றாக அளித்து, ஆங்குத் திருமால் கோயில் ஒன்றனை எடுப்பித்தான்; 95 சட்டர்க்குச் சாலையும் அமைத்தான். கி.பி. 866-ஐச் சார்ந்த இச்செய்தி, திருவனந்தபுரம் ஹுசூர் அலுவலகச் செப்பேடு என அறிஞர் வழங்கும் பட்டயத்தில் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. து. அ. கோபிநாத ராவ் அவர்கள் இதனைத் திருவாங்கூர்த் தொல்பொருள் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தனர்.

'சட்டர்' என்பது மாணவனைக் குறிக்கும் 'சாத்ர' என்னும் வடசொல்லின் திரிபு. இச்சாலையின் 95 இடங்களுள் பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரிய சரணத்தார்க்கு 36, தலவகார சரணத்தார்க்கு 14 எனப் பட்டயம் பகுத்துரைக்கின்றது. சரணம் என்பது வேதக் கிளை பற்றிய பிரிவு. முறையே இருக்கு, யசுர், சாமம் ஆகியவற்றைச் சார்ந்தோர் இம்மூவர். ஆகவே இச்சாலை அந்தணர் ஒருவர்க்கே உரியதாயிருந்தது. ஏனையோர்க்கு அங்கு வாயில் அடைபட்டிருந்தமையை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

இனி, விதிகளை நோக்குவோம். சாலையில் இடம்பெற விழைவார் இலக்கணம் கற்றிருத்தல் வேண்டும். புரோகிதத்திற்குரிய தகுதியும் வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறையினை அறிந்திருத்தலும் வேண்டும். மூன்று அரசு என்றது சேர சோழ பாண்டியரை என்று கொள்வர். இத்துணைத் தகுதியும் முன்னரே உடையார் எழுத்தறியத் தொடங்கும் சிறுவராதல் இயலாது. இக்காலத்து மேற்பட்டப் படிப்பு மாணவரையே அவர்க்கு ஒப்பிடலாம். உள்ளே வந்தபின் ஒருவர் மற்றொருவரை வைதால் தண்டம் உண்டு; படைக்கலத்தால் தாக்கினும் தண்டம் உண்டு. சட்டர் தம் மடத்தில் வெள்ளாட்டிகளை வைத்தலும் விலக்கப்பட்டது. இவையெல்லாம் காந்தளூரில் வழங்கிய 'மரியாதை'யைப் பின்பற்றியன. மரியாதை என்னும் சொல் ஈண்டு மதிப்பைக் குறியாது, வரம்பு, நடைமுறை என்னும் பழம்பொருளிலேயே நிற்கின்றது. ஒரு சாலையின் ஒழுங்கு மற்றொரு சாலைக்கு முன்மாதிரியாயிற்று எனின், அவ்வொழுங்கு ஒருவர் விருப்பால் அமைந்ததன்று என்பதும், சட்டர் என்போர் ஊர்தோறும் ஒத்த நெறியுடைய குழுவினராய் அறியப்பட்டனர் என்பதும் பெறப்படும்.

முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டையும் இதனோடு ஒப்புநோக்குதல் தகும். ஆங்கு 270 இளைய மாணவரும் 70 மூத்த மாணவரும் 14 ஆசிரியரும் கூறப்படுகின்றனர். அவர்க்கு அளக்க வேண்டிய நெல்லினைக் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. எண்ணிக்கையால் அது பெரிது. ஆனால், மாணவரை உண்போராகக் காட்டும் அக்கல்வெட்டினும், தம்முள் பிணங்கியும் இணங்கியும் ஒருங்கு வாழும் குழுவினராகக் காட்டும் பார்த்திவபுரப் பட்டயமே நம் பொருட்கு மிகுதியும் பயன்படுகின்றது.

சட்டர்க்குரிய இடங்களைப் பட்டயம் 'கலம்' என்னும் சொல்லால் எண்ணுகின்றது. இது சிறு செய்தி போலத் தோன்றினும், முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்தான்' என அவன் கல்வெட்டுகள் கூறுவதன் பொருள் இதனைப் பொறுத்துள்ளது. கலம் என்பதற்கு மரக்கலம் எனப் பொருள்கொண்டு, சேரரின் கப்பற்படையை அழித்த வெற்றி அது என்பார் ஒரு சாரார். முதலாம் இராசாதிராசன் மெய்க்கீர்த்தி காந்தளூரைக் கடலடுத்த ஊர் எனச் சுட்டுதல் அவர்க்குத் துணையாகும். கலம் என்பது உண்கலம். சாலையில் உண்போர்க்குரிய இடங்களை நீக்கியோ வரையறுத்தோ ஆணையிட்ட செயலே அது என்பார் மற்றொரு சாரார். ஒரே மரபினவாகிய இருசாலைகளுள் ஒன்றன் பட்டயத்திலேயே இச்சொல் மாணவர் இடத்தைக் குறித்து வருதலின், பின்னைய கொள்கைக்கே வலிமை மிகுதி என யாம் கருதுகின்றோம். சட்டர் போர்ப்பயிற்சியும் பெற்றவர் எனச் சில வரலாற்றறிஞர் கூறுவதை ஏற்பின், ஒரு பேரரசன் மாணவர் குழு ஒன்றன்மேல் கைவைத்ததைத் தன் வெற்றிகளுள் ஒன்றாகப் பொறித்தமையும் வியப்பன்றாகும்.

'சட்டர்' இன்று வழக்கில் இல்லை. ஆயின் அதன் வழிவந்ததாக யாம் கருதும் சொல் நம் செவிக்குப் பழகியதே. திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர்க்கு அடுத்தபடியாய் நின்று, இளையோர் பாடத்தைக் கேட்டும் அவர்களை அடக்கியும் வந்த மூத்த மாணவன் 'சட்டாம்பிள்ளை' எனப்பட்டான். குழுவினர் அனைவர்க்கும் பொதுவாயிருந்த பெயர் அவருள் தலைமை பூண்ட ஒருவனுக்குச் சிறப்பாயிற்று. இன்றோ பிறர்மேல் வேண்டாத அதிகாரம் செலுத்துவோனை எள்ளும் சொல்லாகவும் அது வழங்குகின்றது. செய்தித்தாள்கள் வல்லரசுகளையும் இப்பெயரால் சுட்டக் காண்கின்றோம். மலையாளத்தில் 'சட்டம்பி' என்பது ஒருபடி மேலும் இழிந்து, முரடனைக் குறிக்கின்றது. படைக்கலத் தாக்குதலை விதியிட்டு விலக்க வேண்டியிருந்த குழுவின் பெயர்க்கு இப்பொருள் பொருந்துவதே என ஒருவர் நகையாடலாம். அந்நகையை ஆராய்ச்சி முடிபாகக் கொள்ளுதற்கில்லை. கேரளத்துப் பெரியார் சட்டம்பி சுவாமிகள் (1853–1924) தம் பள்ளியில் மாணவர் தலைவராயிருந்தமையானே அப்பெயர் பெற்றனர். அவர் வாழ்நாள் முழுதும் அது மதிப்புடைய பெயராகவே வழங்கிற்று.