ஓதம் ஏறும் சுவர்

2024 நவம்பர் 30 ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த வேகத்தில் ஓடிவிடாமல், மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்று கொட்டித் தீர்த்தது. செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கமும் கனமழைதான். தென்பெண்ணை கரைபுரண்டது, செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணியும் பெருக்கெடுத்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய், சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. செத்த ஆடு மாட்டுக்கும் மூழ்கிய பயிருக்கும்கூடத் தனித்தனியே கணக்கு எடுத்தார்கள்.

சுவர் குடித்த தண்ணீருக்கு மட்டும் யாரும் கணக்கு எடுப்பதில்லை.

வெள்ளம் வடிந்து, சேற்றை வழித்துத் தள்ளி, பாத்திரம் பண்டங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அது தலைகாட்டும். முதலில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குச் சுவர் கருத்து நிற்கும். பிறகு பெயிண்ட் உப்பும், உதிரும். பீரோவை நகர்த்தினால் பின்பக்கச் சுவரில் கரும்பச்சைப் புள்ளிகள். பெட்டியைத் திறந்தால் மக்கிய வாடை. இந்தப் பக்கத்து மக்கள் இதை ஒரே வரியில் சொல்வார்கள்: “செவுரு ஓதம் காக்குது.” ஓதம் என்பது சுவருக்குள் ஏறி நிற்கும் ஈரம். பூஞ்சை, பேச்சுவழக்கில் பூசணம், அந்த ஓதத்தின் விளைச்சல். வேரை விட்டுவிட்டு விளைச்சலோடு மல்லுக்கட்டுவதுதான் நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிறது.

பூஞ்சையின் விதைத்தூள் எங்கும் இருக்கிறது. காற்றில், துணியில், தலைமுடியில், அரிசி மூட்டையின் சாக்கில் என்று அது இல்லாத இடம் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அதை வீட்டிலிருந்து முழுக்க விரட்ட யாராலும் முடியாது. அது முளைக்க உணவும் ஈரமும் வேண்டும். சுவரில் படிந்த தூசு, பெயிண்டில் உள்ள பசை, காகிதம், மரம், தோல், பஞ்சு எல்லாமே அதற்கு உணவு. ஆகவே நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்று வெள்ளப் பகுதிகளில் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழையில் நமக்கு வாய்க்காதது அந்த இரண்டு நாள் வெயில்தான். ஐப்பசியில் நனைந்த மெத்தை கார்த்திகையிலும் காயாமல் கிடக்கும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 2021 இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பெயர் வீடுவீடாகக் கிலியைக் கிளப்பியது. அந்த ஆண்டு ஜூலை நடுப்பகுதிக்குள் நாட்டில் 45,000 பேருக்கு மேல் அந்த நோய் கண்டது. அது மியூகோர்மைகோசிஸ். கட்டுக்கு அடங்காத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்து உடம்பின் காவலைக் குலைத்தபோது புகுந்த வேறு வகைப் பூஞ்சை. குளியலறைச் சுவரில் கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற இனங்கள். சுவரில் கறுப்பைக் கண்டதும் கண் போய்விடும் என்று நடுங்க வேண்டியதில்லை.

அதற்காகச் சும்மா விட்டுவிடவும் முடியாது. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா, மூச்சுக்குழாய்த் தொற்று ஆகியவை கூடுதலாக வருகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. குழந்தைகளும் ஏற்கெனவே இளைப்பு உள்ளவர்களும்தான் முதலில் அடிபடுகிறார்கள். நம் ஊருக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. காசநோய் குணமானவர்களின் நுரையீரலில் சில சமயம் பொந்து விழுந்திருக்கும்; அங்கே ஆஸ்பர்ஜில்லஸ் குடியேறி வளரக்கூடும். மறுபடியும் இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்று வரும்போது காசநோயே திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய காசநோயாளி இருக்கும் வீட்டில் சுவர் ஓதம் காத்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பூஞ்சை ஓர் உயிரையே பறித்த கதையை உலகம் அறிந்தது இங்கிலாந்திலிருந்து. ராச்டேல் நகரத்து வாடகைக் குடியிருப்பில் வசித்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டில் படர்ந்த பூஞ்சையை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குழந்தை பிறப்பதற்கு முன்பே, 2017 இல், தகப்பன் முறையிட்டிருந்தார். மேலே பெயிண்ட் அடித்துவிடுங்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். இன்று அந்த நாட்டில் குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் இருக்கிறது. 2025 அக்டோபர் 27 முதல், சமூகக் குடியிருப்புகளில் ஓதமும் பூஞ்சையும் பெரும் கேடாக இருப்பதாகப் புகார் வந்தால், உரிமையாளர் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். உயிருக்கு அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும்.

பெயிண்ட் அடித்துவிடுங்கள் என்ற அதே பதிலைத்தான் நம் ஊரிலும் கேட்கிறோம். “பட்டி பாத்து ரெண்டு கோட்டு உட்டா சரியா பூடும்ணே.” இரண்டு மாதம் சரியாகத்தான் இருக்கும். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கறுப்பு. பிளாஸ்டிக் எமல்ஷன் பூச்சு சுவரின் மேல் ஒரு தோல் போலப் படிந்துவிடுவதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபடுகிறது. பிறகு அந்தத் தோலையே உப்ப வைத்து உரிக்கிறது.

நம் வீடுகளில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தைப் பூஞ்சையோடு சேர்த்து யோசித்தால் அதன் அருமை புரியும். பருவமழை மார்கழிக்குள் ஓய்கிறது. ஈரம் குடித்த சுவர்களில் பூசணம் பிடித்திருக்கும் வேளையில் தை பிறக்கிறது. போகியன்று நைந்த பாயும் மக்கிய துணியும் வெளியேறுகின்றன. சுவருக்கு நீற்றிய சுண்ணாம்பு ஏறுகிறது. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை பிஎச் 12 க்கும் மேல். அதில் பூஞ்சை முளைக்காது. அதோடு சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விடும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பின் காரம் மெல்லத் தணிந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் புதிதாக அடிப்பது அவசியமாகவே இருந்தது. இதை யாராவது சோதித்துப் பார்த்து ஏற்படுத்தினார்களா, பழக்கத்தில் கைவந்ததா என்பது இரண்டாம்பட்சம். மழைக்காலத்தின் முடிவில், மிகச் சரியான வேளையில், மிகச் சரியான பொருளைச் சுவருக்குக் கொடுத்துவந்தோம். தூரிகை மட்டையும் சுண்ணாம்புத் தொட்டியும் போய் எமல்ஷன் டப்பா வந்தபோது கைநழுவிப்போனது இந்த வருடாந்திர வைத்தியம்.

சுவரோடு நிற்காமல் பூஞ்சை சாப்பாட்டுக்கும் வந்துவிடுகிறது. மேல்மலையனூர், செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டை போடாத ஊர் குறைவு. மற்ற மாவட்டத்தார் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வதுதான் இங்கே மல்லாட்டை. வீட்டுச் சுவர் ஓதம் காக்கும்போது அதில் சாய்த்து அடுக்கிய மூட்டைகளும் ஈரம் இழுக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அங்கே வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சை உலகம் அடையாளம் கண்டதே கடலையால்தான். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். 1974 இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற மக்களில் 106 பேர் இறந்தார்கள். கல்லீரலைத் தாக்கும் இந்த நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. வாயில் போட்ட மல்லாட்டை கசந்தால் துப்பிவிடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சாதாரணப் பேச்சில்லை. செஞ்சிக் கோட்டையில், ராஜகிரியின் அடிவாரத்தில், தடித்த சுவரும் வளைவுக் கூரையுமாகத் தானியக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. விளைந்ததைக் காயாமல் வைத்தால் கோட்டை எத்தனை உயரமாக இருந்தும் பயனில்லை என்று தெரிந்தவர்கள் கட்டியது அது. வீட்டிலும் மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினால் போதும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். பூஞ்சை அகற்றும் நிறுவனங்களைத் தேட வேண்டுமென்றால் சென்னை போன்ற பெருநகரங்களில்தான் தேட வேண்டும். மேல்மலையனூரில் அந்த வேலை கொத்தனாரிடமும் பெயிண்டரிடமும் வந்து நிற்கிறது. யார் செய்தாலும் முறை ஒன்றுதான். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறுவனத்தார் ஈரமானியும் வெப்பக் கேமராவும் கொண்டுவருவார்கள். நம்மிடம் ஒரு பாலித்தீன் தாள் இருந்தால் போதும். ஓதம் காக்கும் இடத்தில் இரண்டு முழச் சதுரத்துக்குத் தாளை விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்தினால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய் கசிவோ, தரை ஓதமோ, வெளிச்சுவர் விரிசலோ காரணம். தாளின் வெளிப்பக்கம் முத்தினால் அறைக் காற்றில்தான் ஈரம் அதிகம். சன்னல் திறக்காத அறை, உள்ளேயே உலர்த்தும் துணி, புகைபோக்கி இல்லாத சமையல், மார்கழி விடியலில் வியர்த்துச் சொட்டும் தகரக் கூரை ஆகியவை அப்போது சந்தேகத்துக்கு உரியவை.

தரை ஓதத்துக்குப் பல வீடுகளில் தெருவே காரணம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, வாசற்படி ஏறிப் போன வீடுகள் இப்போது படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. கடைக்கால் தெருவுக்குக் கீழே போனால் சுவர் திரியைப் போலத் தண்ணீரை உறிஞ்சும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும் என்று 2021 இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேட்காமல் விட்டால் அடுத்த முப்பது ஆண்டு ஓதத்தையும் வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறீர்கள்.

தண்ணீரின் வழி அடைபட்ட பிறகுதான் சுத்தம். மூன்று அடிக்கு மூன்று அடி அளவுக்குள் இருந்தால் வீட்டாரே செய்யலாம். என் 95 முகக்கவசம், ரப்பர் கையுறை, திறந்த சன்னல், சோப்புத் தண்ணீர், பிரஷ். உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டவே கூடாது. தட்டினால் தூள் வீடெங்கும் பறக்கும். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். இளைப்பு உள்ளவரும் கர்ப்பிணியும் அந்த நேரம் வெளியே இருக்கட்டும். வெள்ளத்துக்குப் பின் ஊராட்சி தரும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடிப்பதால் கறை வெளுக்கும். காரைக்குள் இறங்கிய வேர் அதில் முழுதாகச் சாகாது. முக்கியமாக, பிளீச்சிங்கோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும். ஊறிய பஞ்சு மெத்தை, உப்பிய பிளைவுட், ஜிப்சம் பலகை ஆகியவற்றைக் காப்பாற்ற முடியாது. மனசைத் தேற்றிக்கொண்டு எறிந்துவிட வேண்டியதுதான்.

அறை முழுவதும் படர்ந்திருந்தால், சாக்கடை நீர் புகுந்திருந்தால், வீட்டில் நோய் எதிர்ப்பு குன்றியவர் இருந்தால், தொழில்முறை ஆட்கள் தேவை. அவர்கள் அறையைப் பாலித்தீனால் மூடி, ஹெப்பா வடிகட்டி பொருத்திய விசிறியால் காற்றை வெளியே இழுத்து, உள்ளே இருக்கும் தூள் அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பார்கள். கெட்ட காரையைக் கொத்தி எடுப்பார்கள், ஹெப்பா வாக்குவம் போடுவார்கள், கடைசியில் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தால் காயவைப்பார்கள். இதில் எதையும் செய்யாமல் மருந்துப் புகை மட்டும் அடித்துவிட்டுக் காசு கேட்டால் கொடுக்க யோசியுங்கள். செத்த பூஞ்சையின் தூளும் ஒவ்வாமை தரும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். ஒரு வீட்டில் பூஞ்சை இருக்கிறது என்று ஆய்ந்து சொன்னவரே அதை அகற்றும் வேலையையும் எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் புத்தியைக் கடன் வாங்கலாம். வாட்டர்புரூஃப் விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், வேலை எடுக்காத ஒரு பொறியாளரையோ பழுத்த கொத்தனாரையோ கூப்பிட்டு ஒருமுறை காட்டிவிடுங்கள். எவரானாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “தண்ணி எங்கருந்து வருது?” அதற்குப் பதில் சொல்லாமல் சதுர அடி விலை சொல்பவரை அனுப்பிவிடலாம்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் முழுதாக ஊறிவிட்டால் உள்வரை காய மாதங்கள் ஆகும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும். கார்த்திகை வெள்ளத்தில் நனைந்த சுவருக்குத் தைப் பொங்கலில் எமல்ஷன் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்ததாகிவிடும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு மட்டும் அடிக்கலாம். உப்பிய காரையை மாசியில் கொத்தி எடுத்துச் செங்கல்லைத் திறந்துவிடலாம். பூச்சும் பெயிண்டும் சித்திரை வெயில் சுவரைக் காய்ச்சி எடுத்த பிறகு, அக்னி நட்சத்திரம் முடிந்து, ஆனி பிறக்கும்போது.